கறுப்பனின் ரத்தம்

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

அம்மா சுகம், எனக்குத்தான் சுகமில்லை. கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரை நம் நாய் கறுப்பன் கழுத்தில் கவ்விவிட்டான். இழுத்தும் விடவில்லை. இரும்புக் கம்பியால் மண்டையில் ஒரே போடு போட்டேன், அப்புறம்தான் வாய் திறந்தது. நாய் செத்தது. அந்த ஆள் பிழைப்பாரா தெரியவில்லை. வாசலெல்லாம் ரத்தம், அம்மா கழுவிக்கொண்டே இருக்கிறாள்.

காவல் நாய் வளர்த்து விற்கும் லைசென்ஸ் போய்விடும் என்கிறார்கள். நீதான் ஆராய்ச்சிக்கூடத்தில் நாய், ஓநாய், எலி, மனுஷன் என்று எல்லார் மரபணுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூர்க்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறாயே. கறுப்பனின் ரத்தம் அனுப்பியிருக்கிறேன். பிறவி மூர்க்கம், வளர்த்தவன் மேல் தப்பில்லை என்று ஒரு சான்றிதழ் எழுதி அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா

மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

ரத்தம் வந்தது, பார்த்தேன். மூர்க்கமான இனங்களையும் சாதுவான இனங்களையும் ஒப்பிட்டு, எந்த மரபணுக்கள் குணத்தோடு சேர்ந்து மாறியிருக்கின்றன என்று தேடுகிறோம், வாஸ்தவம்தான். ஆனால் கிடைப்பவை நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். இனத்தைப் பற்றி ஏதோ சொல்லலாம். ஒரு நாய் ஒருவரை ஏன் கடித்தது என்று சொல்ல முடியாது. விற்பதற்கு முன் பட்டினி போட்டு, சங்கிலியால் அடித்து வெறியேற்றுவீர்களே, அதை எந்த மரபணுவில் தேடுவது? சான்றிதழ் தர முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் இருக்கும் கறுப்பனின் குட்டிகளை ஒன்றும் செய்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்

ஏப்ரல் 2

மகளுக்கு,

அந்த ஆள் செத்துவிட்டார். கறுப்பனின் தாயையும் குட்டிகளையும் அடித்து முடித்துவிட்டேன். ஒரு குட்டி மட்டும் கட்டிலுக்கு அடியில் பதுங்கிவிட்டது. அம்மா மறித்துக்கொண்டு நின்றாள், அவள் கையிலும் ஒரு அடி விழுந்தது. குறுக்கே வந்தால் படாதா?

பெரிய மனுஷி ஆகிவிட்டாய், படிக்கவைத்த அப்பனையே கூண்டில் ஏற்றுகிறாய். போன வருஷம் தட்டை வீசி உன் புருஷன் நெற்றியைப் பிளந்தாயே, உன்னை யார் பட்டினி போட்டார்கள்? என் ரத்தம்தானே அது? மரியாதையாக எழுதி அனுப்பு.

அப்பா

ஏப்ரல் 15

அப்பா,

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். எலும்பு முறிந்திருக்கிறது. குட்டியும் அவளோடுதான் இருக்கிறது, இனி வீட்டுக்கு வரமாட்டாள். நாய்களை நீங்கள் பழக்கிய விதத்தை, நான் பார்த்தது பார்த்தபடியே காவல் நிலையத்துக்கு எழுதிவிட்டேன், அம்மாவின் கை முறிந்ததையும் சேர்த்து.

தட்டை வீசியது நான்தான். அவர் நெற்றிக்குத் தையல் போடும்போது வெளியே உட்கார்ந்து, இது அப்பாவின் ரத்தம், நான் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. அப்படி ஒரு சான்றிதழ் எழுத முடிந்திருந்தால், முதலில் எனக்குத்தான் எழுதிக்கொண்டிருப்பேன்.

உங்கள் மகள்