ஒரு பல் பிசகு

மார்ச் 4, செவ்வாய்

கார் பந்தயக் கழகத்தில் இருக்கும் முப்பத்தெட்டுப் பேரில் ஒருவன்கூடத் தன் கையால் ஒரு போல்ட்டைத் திருகியதில்லை. முப்பத்தொன்பதாவது ஆள் என் அக்கா. அவள் திருகுவாள், உடைப்பாள், மிச்சத்தை என்னிடம் கொண்டுவருவாள்.

இன்று கொண்டுவந்தது ஒரு சத்தம். போனில் பதிவு செய்து, சாப்பாட்டு மேஜையில் வைத்து, மூன்று தடவை ஓடவிட்டாள். அம்மா, "எலி மாதிரி இருக்கே" என்றாள். எனக்குப் பேரிங் மாதிரி இருந்தது. லிஃப்ட் மெக்கானிக்காக ஐந்து வருடம் ஆகிறது. சாகப்போகும் பேரிங் எப்படி அழும் என்று எனக்குத் தெரியும்.

"எங்கேருந்து வருது?"

"சீட்டுக்குப் பின்னாடி."

"பின்னாடி என்ன இருக்கு?"

"இன்ஜின்."

அதுதான் சிக்கல். சாதாரண காரில் இன்ஜின் முன்னால் இருக்கும், மூடியைத் தூக்கினால் தெரியும். இது ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், அவற்றின் முதுகோடு ஒட்டி இன்ஜின், நடுவில் ஒரு கை நுழைய இடமில்லை. பதினாறு வருடப் பழசு, அக்காவுக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது. ஆஸ்பத்திரி லேபில் ரத்தக் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டி ஒட்டி வாங்கினாள். கழகத்தில் மற்றவர்களுக்கு அவரவர் அப்பா வாங்கிக் கொடுத்தார்.

மார்ச் 5, புதன்

எலி இல்லை. டைமிங் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை. எலியாகவே இருந்திருக்கலாம்.

மார்ச் 7, வெள்ளி

வேலையிலிருந்து நேராக, யூனிஃபார்மோடு, அக்காவுடன் சர்வீஸ் சென்டர் போனேன். கண்ணாடிச் சுவர், காபி மெஷின், செருப்புச் சத்தம் எதிரொலிக்கும் தரை. டை கட்டிய ஆள் அக்காவை "வாங்க மேடம்" என்றார். என்னைப் பார்த்து, "லிஃப்ட் அந்தப் பக்கம்" என்றார்.

அவர்கள் லிஃப்ட்டில் கதவு சென்சார் செத்துக் கிடந்தது. நான் சொல்லவில்லை.

பெல்ட்டையும் உருளையையும் மாற்ற இன்ஜினை மொத்தமாகக் கீழே இறக்க வேண்டுமாம். இரண்டு மாதத்துக்கு வரிசை நிற்கிறதாம். அக்காவின் மலையேற்றப் பந்தயம் மார்ச் 30. முதல் மூன்று இடத்தில் வருகிறவர்களில் ஒருவரை ஒரு பந்தய அணி இந்த சீசனுக்கு எடுத்துக்கொள்ளும். முப்பது வயதுக்கு உட்பட்டவர்களை மட்டும். அக்காவுக்கு மே மாதம் முப்பது. அடுத்த வருடம் என்ற ஒன்று அவளுக்கு இல்லை.

"வெளியாள் யாராச்சும் கை வச்சா அப்புறம் நாங்க தொட மாட்டோம் மேடம்" என்று டை சொன்னார். "வெளியாள்" என்னும்போது என் சட்டைப்பையில் இருந்த ஸ்குரூடிரைவரைப் பார்த்தார்.

மார்ச் 9, ஞாயிறு

நீயே மாற்றிக் கொடு என்று அக்கா கேட்கவில்லை. ஒரு தட்டில் பழத்தை நறுக்கி என் முன்னால் வைத்தாள். அதாவது கேட்டுவிட்டாள்.

இந்த பெல்ட்டில் பல் உண்டு. அது சுற்றும் இன்ஜின் சக்கரங்களிலும் பல் உண்டு. எல்லாம் சரியான பல்லில் உட்கார்ந்தால் இன்ஜினுக்குள் வால்வு இறங்கும்போது பிஸ்டன் விலகியிருக்கும். கணக்குத் தப்பினால் இரண்டும் மோதும். மோதினால் இன்ஜின் எடைக்குப் போகும்.

லிஃப்ட்டில் தப்புச் செய்தால் ஆள் சாவான். இதில் இன்ஜின்தான் சாகும். ஆகவே இது சுலபம் என்று சொல்ல வரவில்லை. ஆள் செத்தால் கம்பெனி பதில் சொல்லும். இன்ஜின் செத்தால் அக்காவுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

என்னோடு வேலை செய்கிறவனிடம் போனில் கேட்டேன். அவனை எல்லாரும் மூணாவது மாடி என்றுதான் கூப்பிடுவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தானே பழுது பார்த்த லிஃப்ட்டில் மூன்றாவது மாடியில் நாலு மணி நேரம் மாட்டிக்கொண்டான்.

"ஆழம் தெரியாம கால விடாத" என்றான்.

"நீ விட்டியே."

"அதனாலதான் சொல்றேன்."

மார்ச் 10, திங்கள்

முடியாது என்று சொல்லிவிட்டேன். அக்கா "சரி" என்றாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 12, புதன்

அக்கா கழகத்துக்குப் போய், யாராவது தங்கள் மெக்கானிக்கை ஒரு வாரம் தர முடியுமா என்று கேட்டிருக்கிறாள். செயலாளர் மிகவும் வருத்தப்பட்டாராம். பிறகு சொன்னாராம்: "கவலப்படாதம்மா. பந்தயத்தன்னிக்கு டைம் குறிச்சுக்க ஒரு ஆள் வேணும். உன் கையெழுத்து நல்லா இருக்கும்ல?"

இதைச் சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். அவள் கையெழுத்து உண்மையிலேயே நன்றாக இருக்கும்.

நான் செய்கிறேன். கோபத்தில் எடுத்த முடிவு. கோபம் வராத நாட்களில் நான் முடிவே எடுப்பதில்லை, பார்த்திருக்கிறேன்.

மார்ச் 15, சனி

எங்கள் கம்பெனி கிடங்கில் இரும்பு உத்தரம் இருக்கிறது, பாரம் தூக்கும் செயின் பிளாக் இருக்கிறது. அடுத்த மாத விடுமுறை நாட்களில் எல்லாம் நான் வேலைக்கு வருவதாகச் சொன்னதும் மேனேஜர் சாவியைக் கொடுத்தார். மூணாவது மாடி, "நீ மாட்டிக்கறத நான் பார்க்கணும்" என்று வந்தான்.

இன்ஜினைக் காரிலிருந்து எடுக்கவில்லை. காரை இன்ஜினிலிருந்து எடுத்தோம். இன்ஜினைத் தள்ளுவண்டியில் தாங்கி வைத்து, குழாய்களையும் வயர்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்து எண் ஒட்டி, கடைசி போல்ட்டும் வந்தபிறகு கார் உடம்பை மேலே தூக்கினோம். எங்கள் தொழிலில் சொல்லாமல் ஒன்றும் அசையாது. நான் "இடது ஒரு சாண் மேல" என்பேன். அவன் "இடது ஒரு சாண் மேல" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சங்கிலியை இழுப்பான். அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. கார் அந்தரத்தில் தொங்கியதும் அவளும் கூடவே சொல்ல ஆரம்பித்தாள்.

இன்ஜின் கீழே தனியாக நின்றது. இவ்வளவு சின்னதா?

மார்ச் 16, ஞாயிறு

பெல்ட் உறையைத் திறந்தேன். சக்கரங்களில் வெள்ளை பெயிண்டில் குறி இருந்தது. முன்னால் பெல்ட் மாற்றியவன் போட்டது. லிஃப்ட் வேலையில் முன்னால் செய்தவன் போட்ட குறிதான் சட்டம். அதை அழித்தவனுக்கு மறுநாள் வேலை இருக்காது. வெள்ளைக்கு வெள்ளை நேராக, புது பெல்ட்டை மாட்டினேன். புது உருளை. மாலைக்குள் காரை மறுபடி இறக்கி, எல்லாவற்றையும் இணைத்து, சாவியைத் திருப்பினோம்.

ஓடியது. கீச்சு இல்லை. அக்கா என் தலையில் எண்ணெய்க் கையை வைத்தாள்.

ஆனால் நின்ற இடத்தில் ஓடும்போது நடுங்குகிறது. முன்பும் நடுங்கும். "ஸ்போர்ட்ஸ் காருன்னா அப்படித்தான்டி இருக்கும்" என்றாள்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட். வார்டுபாய் சொன்னான்: "இந்த லிஃப்ட் எப்பவும் ஆடும் மேடம், இது அந்த மாதிரி லிஃப்ட்."

அந்த மாதிரி லிஃப்ட் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. ஒருவன் தப்பாக மாட்டிய லிஃப்ட்தான் உண்டு. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் அக்காவின் கார் நடுங்குவது ஞாபகம் வந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், உறையை மூடுமுன் எடுத்த போட்டோவையும் காரின் கையேட்டுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தொழிற்சாலையிலேயே சக்கரத்தில் ஒரு சின்ன வெட்டு செதுக்கியிருக்கிறான். வெள்ளைக் குறி அதற்கு நேராக இல்லை. ஒரு பல் தள்ளி இருக்கிறது.

அக்காவின் கோப்பில் பழைய ரசீது இருந்தது. மூன்று வருடத்துக்கு முன், பழைய ஓனர் காலத்தில், பெல்ட் மாற்றியது அதே கண்ணாடிச் சுவர் சர்வீஸ் சென்டர். தப்பாக மாட்டி, அந்தத் தப்பின் மேல் பெயிண்டும் அடித்து வைத்திருக்கிறார்கள். அதை நான் பயபக்தியோடு நகல் எடுத்திருக்கிறேன். வேறு எந்த மெக்கானிக்கும் முதலில் அந்த வெட்டைத்தான் பார்த்திருப்பான். பெயிண்டை நம்ப ஒரு லிஃப்ட்காரி வேண்டியிருந்தது.

மார்ச் 19, புதன்

அக்காவிடம் சொன்னேன்.

"ஓடுதுல்ல?"

"ஓடுது."

"மூணு வருஷமா ஓடியிருக்குல்ல? அப்புறம் எதுக்கு நோண்டற?"

"பழைய ஓனர் கடைக்கு ஓட்டிட்டுப் போனான். நீ மலையில முழுசா மிதிக்கப்போற. இன்னும் ஒரு பல்லு நழுவுச்சுன்னா முடிஞ்சுது."

"மறுபடி பிரிச்சு உன்னால மாட்ட முடியலன்னா?"

"அப்பவும் முடிஞ்சுது."

ரொம்ப நேரம் நகத்தைக் கடித்தாள். "ஒழுங்கா ஓடற காரை நீ ஒருத்திதான்டி ரெண்டு தடவ பிரிப்ப" என்றாள். பிறகு சனிக்கிழமைக்கு லீவு எழுதினாள்.

மார்ச் 23, ஞாயிறு

நேற்று கார் உடம்பை மறுபடி மேலே தூக்கினோம். இன்று காலை பெல்ட்.

"இந்தத் தடவ எந்தக் குறி?" என்றான் மூணாவது மாடி.

"வெட்டு."

"வெட்டு" என்று திருப்பிச் சொன்னான்.

தின்னரைத் துணியில் நனைத்து வெள்ளைப் பெயிண்டைத் துடைத்தேன். சாவி போடுமுன் இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தேன். எங்காவது இடித்தால் கையிலேயே தெரியும். இடிக்கவில்லை. வெட்டுக்கு வெட்டு நேராக வந்து நின்றது.

காரை இணைத்துக் கிளப்பியபோது அம்மா சாப்பாட்டோடு வந்தாள். கொஞ்ச நேரம் காருக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டுக் கேட்டாள்: "எப்ப ஸ்டார்ட் பண்ணுவீங்க?"

ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 30, ஞாயிறு

இரண்டாம் இடம். முதல் இடத்துக்கும் அவளுக்கும் நடுவே கண் சிமிட்டும் நேரம்.

செயலாளர் என்னிடம் வந்தார். "வண்டி அருமையாப் போகுது. யாரும்மா மெக்கானிக்?"

"நான்."

"அது சரி. யாரு மெக்கானிக்?"

ஏப்ரல் 2, புதன்

பந்தயம் நடத்தியவர்களிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. சீசனுக்குள் இன்ஜினைப் பிரித்திருந்தால், அங்கீகாரம் பெற்ற பணிமனையின் முத்திரை வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் இடம் ரத்து. விதிப் புத்தகத்தில் தேடினேன், இருக்கிறது. முத்திரை வேண்டும் என்று இருக்கிறது. பல் சரியாக இருக்க வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

கண்ணாடிச் சுவர். தொட மாட்டோம் என்றவர்கள் தொட்டார்கள். இரண்டாம் இடம் வந்த கார் அல்லவா, வாசலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒல்லியான ஒரு மெக்கானிக் உறையின் மேல் விளிம்பை மட்டும் நெகிழ்த்தி, இடுக்கில் மெல்லிய குழாய் கேமராவை விட்டு, அரை மணி நேரம் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். போதும், எனக்குப் புரிந்தது.

டை சொன்னார்: "நாங்க மாட்டினா எப்படி இருக்குமோ அப்படியே இருக்கு மேடம்."

"நீங்க மாட்டினது ஒரு பல்லு தள்ளி இருந்துச்சு" என்றேன்.

எனக்குக் காபி கொடுத்தார்கள்.

படிவத்தில் 'பணி செய்தவர்' என்று ஒரு கட்டம். அதில் பணிமனையின் பெயர் ஏற்கெனவே அச்சடித்திருந்தது. ஒல்லி மெக்கானிக்கிடம் கேட்டேன், "உங்க பேரு எங்க வரும்?"

"எங்கயும் வராது" என்றார். "கம்ப்ளெய்ன்ட் வந்தா வரும்."

அக்கா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "போடட்டுமா?"

"போடு" என்றேன். நான்தான் சொன்னேன். அதை மறக்கக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அக்காவை அணியில் எடுத்துவிட்டார்கள். அம்மா அழுதாள். நானும்தான்.

ஏப்ரல் 12, சனி

கழக மண்டபத்தில் அறிமுக விழா. என்னைக் கடைசி வரிசையில், ஏசியின் நேர் கீழே உட்கார வைத்தார்கள். மேடையில் மைக்கோடு ஒருவர் அக்காவைக் கேட்டார்: "இவ்வளவு பழைய வண்டிய இவ்வளவு நல்லா தயார் பண்ணது யாரு?"

அக்கா சர்வீஸ் சென்டரின் பெயரைச் சொன்னாள். தடுமாறாமல் சொன்னாள். டை எழுந்து நின்று கைகூப்பினார். "என் தங்கச்சியும் எனக்கு ரொம்ப ஆதரவா இருந்தா" என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். ஆதரவுக்கு.

திரும்பி வரும்போது அவளே ஆரம்பித்தாள். "உன் பேரச் சொன்னா அந்த முத்திரை பொய்னு ஆயிடும். சீட்டு போயிடும். நீதானடி போடச் சொன்ன?"

ஆமாம். காகிதத்தில் போடச் சொன்னேன். வாயில் போடச் சொன்னேனா?

காரில் இரண்டே சீட். வீடு வரும் வரைக்கும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. இன்ஜின் சத்தமே இல்லாமல் ஓடியது. கொஞ்சம் சத்தம் போட்டிருக்கலாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலையில் அணியின் முதல் பயிற்சிக்குக் கிளம்பினாள். புது ஜாக்கெட். நெஞ்சில் அணியின் பெயர், கையில் சர்வீஸ் சென்டரின் பெயர் தைத்திருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

முன்னால் போய் நின்றேன். "மேடையில வேணாம். கழகத்துல வேணாம். இங்க, நம்ம வாசல்ல, அம்மா காதுல விழற மாதிரி ஒரு தடவ சொல்லு. அந்த இன்ஜின பிரிச்சு மாட்டினது யாரு?"

லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"சொல்லு" என்றேன்.

இடது காலை முடித்தாள். வலது காலுக்கு மாறினாள்.