கிராண்ட் சிட்டி நகருக்குப் போன டீக்கடை

ஏப்ரல் 21, திங்கள்
பைபாஸ் திறந்து இன்றோடு பத்து நாள். ஒரு பஸ்கூட கடைத்தெருவுக்குள் வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக டீ ஆற்றுகிறேன். கலெக்டரே காரை நிறுத்திக் குடித்த டீ. (சரி, கலெக்டரின் டிரைவர். அவர் குடித்தால் கலெக்டர் குடித்த மாதிரிதானே?) இன்று பாய்லர் கொதித்ததுதான் மிச்சம்.

கடையைப் பைபாஸுக்கு மாற்றியே ஆக வேண்டும். தப்பான இடத்தில் வைத்தால் பாய்லரை எடைக்குப் போட வேண்டியதுதான். ஊர் எந்தப் பக்கம் வளரும்? இதைக் கண்டுபிடிக்க வேறு ஆள் வேண்டுமா? சிங்கப்பூர் வளர்ந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். இரண்டு வருஷம். சமையலறை ஜன்னல் வழியாக.

ஏப்ரல் 27, ஞாயிறு
தங்கை மகள் ஜாய்ஸ் வந்திருக்கிறாள். தஞ்சாவூரில் புவியியல் எம்.ஏ. நம் ஊர் எப்படி வளர்கிறது என்று ஆய்வாம். மூன்று நாளாகப் பைபாஸில் உட்கார்ந்து போகிற வருகிற தலைகளை எண்ணுகிறாள். ஊர் என்பது நடுவிலிருந்து வட்டம் வட்டமாகப் பெருகலாம், சாலையைப் பிடித்துக்கொண்டு நாடா மாதிரி நீளலாம், இரண்டு சாலை கூடுகிற இடத்தில் புதிதாக முளைக்கவும் செய்யலாம் என்றாள். எனக்குத் தெரிந்ததுதான்; அவள் மனசு கோணக்கூடாதென்று கேட்டுக்கொண்டேன்.

வரைபடத்தில் நம் ஊர் ஆற்றங்கரையோரமாகவே நீண்டு கிடக்கிறது.

"தெக்கால மட்டும் ஒரு வீடுகூட இல்லையே, ஏன் மாமா?"

"வாஸ்து," என்றேன்.

"பள்ளம்," என்றாள் அடுப்படியிலிருந்து இருதயம்மாள். என் மனைவி. எட்டாவதோடு நின்றவள். நான் ஒன்பது.

"என் கணக்குல பைபாஸ்ல வலங்கைமான் ரோடு வந்து சேர்ற முக்குலதான் ஆள் கூட்டம் மாமா."

அங்கே என்ன இருக்கிறது? ஒரு வடிகால் பாலம், ஒரு மைல்கல்!

மே 11, ஞாயிறு
தகரக் கேபின் ஒன்றில் கடை போட்டாயிற்று. இடம்: கிராண்ட் சிட்டி நகர். தெற்கே, அறுவடை முடிந்த வயலில் மனை பிரித்திருக்கிறார்கள். கலர் கொடி, வெள்ளைக் கல், வாசலில் வளைவு. தரை சிமென்ட் மாதிரி கெட்டி. உதைத்துப் பார்த்தேன், கால்தான் வலித்தது. இங்கே ஆஸ்பத்திரி வரும், காலேஜ் வரும். ஏர்போர்ட்டே வருகிறது என்று டிராக்டர்கார அப்துல் வஹாபிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இருதயம்மாளுக்கு மட்டும் திருப்தியில்லை. "சித்திரை வெயில்ல எடம் பாக்குறீங்க. ஐப்பசியில வந்து நின்னு பாருங்க."

ஜூன் 29, ஞாயிறு
வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரே சந்தோஷம். இன்று போனது ஒரு டீ. குடித்தது நான்.

அக்டோபர் 22, புதன்
மூணு நாளா மழை. கடைக்குள்ள முழங்கால் தண்ணி. பெஞ்சு மிதக்குது. பாய்லர் மேல ஒரு தவளை, ஓனர் மாதிரி உக்காந்து என்னையே பாக்குது. அழுகை வந்துடுச்சு. எழுதக்கூடாதுன்னு நெனச்சேன், எழுதிட்டேன். எடைக்குத்தான் போடணுமா? இருதயம்மா ஒரு வார்த்தை திட்டல — அதுதான் பயமா இருக்கு.

அதே நாள், சாயங்காலம்
வஹாப் டிராக்டரோடு வந்தான். "என்ன அருளு, பிளேன் எறங்கிடுச்சா?"

கேபினைக் கட்டி இழுத்தான். வலங்கைமான் ரோட்டு முக்கில், வடிகால் பாலத்து மேட்டில், கயிறு அறுந்துவிட்டது. "மழை விடட்டும்பா, இங்கயே கெடக்கட்டும்," என்று போய்விட்டான். அங்கே பத்துப் பதினைந்து பேர் நனைந்தபடி பஸ்ஸுக்கு நின்றார்கள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். கூட வந்த இருதயம்மாள் கேபினுக்குள் ஏறி அடுப்பைப் பற்றவைத்தாள்.

அக்டோபர் 23, வியாழன்
மூன்று தடவை பால் வாங்க ஓடினேன்.

நவம்பர் 16, ஞாயிறு
திரும்புகிற பஸ்ஸெல்லாம் முக்கில் மெதுவாகும். இப்போது நின்றே போகிறது. ஒரு பஞ்சர் கடை, ஒரு பூக்காரம்மா, நாலு ஷேர் ஆட்டோ வந்தாயிற்று. ஜாய்ஸ் மறுபடி எண்ண வந்தாள். "பாத்தீங்களா மாமா, ரெண்டு ரோடு கூடுற எடத்துல இப்படித்தான் முளைக்கும்."

"அது தெரிஞ்சுதானேம்மா கயித்தை அங்க அறுத்தேன்," என்றேன்.

வஹாப் பெஞ்சில்தான் இருந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் இரண்டு போண்டாவை நீட்டிவிட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு
அநியாயம். கண்டக்டர்கள் "இருதயம்மா கடை எறங்கு!" என்று கத்துகிறார்கள். எல்லாம் அவள் போடும் போண்டாவால். மூன்று பேரிடம் திருத்திச் சொன்னேன்: அருள்சாமி கடை. "சரிங்கண்ணே" என்கிறார்கள், மறுநாள் பழையபடி. ஜாய்ஸ் வரைபடத்திலும் புள்ளி வைத்து இருதயம்மாள் பெயர்! மாற்றச் சொன்னேன்.

"ஜனங்க எந்தப் பேரைச் சொல்றாங்களோ அதைத்தான் மாமா எழுத முடியும்."

விவரத்தைச் சொன்னதும் இருதயம்மாள் மாவைக் கரைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏர்போர்ட்டுக்கு உங்க பேரை வச்சுக்குங்களேன்?"

ஜனவரி 20, செவ்வாய்
பெரிய பாய்லர் வாங்கத் தஞ்சாவூர் போய்த் திரும்பினேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் புது ஆள்.

"எங்கங்க?"

என் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவர் முழித்து, பஸ் நிற்காமல் போய்விட்டால்? மடியில் பாய்லர் வேறு.

"இருதயம்மா கடை ஒண்ணு," என்றேன்.