மலை டவருக்குத் தள்ளிய போன்கள்

அன்புத் தம்பி முன்திருக்கு,

உன்மீதும் உன் மனைவி ஸமீஹா மீதும் உன் மகள், என் குட்டி மருமகள் அஃப்ரா மீதும் அல்லாஹ்வின் காவல் இருக்கட்டும். இது உன் போனில் விழுந்த உடனே வாதியை விட்டு, அந்த ஆற்றுப் படுகையை விட்டு மேலே ஏறு. மலையில் கொட்டிய மழை வெள்ளமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. வண்டியை எடுக்கத் திரும்பாதே. புது வண்டிதான், தெரியும். போனால் போகட்டும்.

உனக்கு முதல் எச்சரிக்கை வந்திருக்காது. போன் கம்பெனியில் நான் பார்க்கிற வேலையால் வந்த வினை அது. பெருநாள் என்றால் மஸ்கட்டில் பாதிப் பேர் வாதியில்தானே கறி சுடுகிறோம்? வாதி டவர் கூட்டம் தாங்காமல் திணறியது. அதனால் காலையில் பாதிப் போன்களை மலை டவருக்குத் தள்ளிவிட்டேன். பெருநாள்தோறும் செய்வதுதான். ஆனால் வெள்ள எச்சரிக்கை வாதி டவரில் இருந்த போன்களுக்கு மட்டும்தான் போயிருக்கிறது. உன் போன் மலை டவரில் இருந்தது, பார்த்தேன். பக்கத்தில் எவன் போனாவது அலறியிருக்கும், நீயும் எழுந்திருப்பாய் என்று மனதைத் தேற்றப் பார்க்கிறேன். நீயோ கூட்டம் பிடிக்காமல் வளைவைத் தாண்டிப் போய்ப் பாய் விரிக்கிறவன்.

எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டேன். எச்சரிக்கையும் மறுபடி போயிற்று. அதற்குள் ஊரே தன் பிள்ளைகளைக் கூப்பிட ஆரம்பித்து டவர் அடைத்துக்கொண்டது. வாதிக்குள் மாட்டியவர்கள் உதவி கேட்க டவரில் இடமில்லை. வெளியிலிருந்து வரும் அழைப்புகளைத் தடுக்கச் சொன்னார்கள், தடுத்தேன்.

உம்மா ஆபீஸ் போனில் அழுதுகொண்டே திட்டினாள். "ஊரு போனெல்லாம் உன் கையில. தம்பியைப் பெத்த புள்ள மாதிரி வளத்தியே, அவனுக்கு ஒரு போன் போட வக்கில்லையா உனக்கு?" என்றாள். வக்கு இருக்கிறது முன்திர். என் அழைப்பை மட்டும் உள்ளே விட்டால் கேட்பார் யாருமில்லை. இரண்டு தடவை உன் எண்ணை எடுத்தேன். அந்த ஓர் இடத்துக்காக யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தால்? அது நீயாகவே இருந்தால்? பயத்தில் வைத்துவிட்டேன். எழுத்து என்றால் சின்ன இடைவெளியிலும் நுழைந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

அஃப்ராவைத் தோளில் ஏற்றிக்கொள். ஸமீஹாவின் கையை விடாதே. நீங்கள் கால் வைக்கிற பாறையைப் படைத்த ரப்பு அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். உனக்காக வழியைக் காலியாக வைத்திருக்கிறேன்.

நான் கூப்பிட மாட்டேன்டா. நீ கூப்பிடு.

உன் அக்கா,
ரய்யா