யாரு கை?

அன்பு மகன் அஸ்ரெஸுக்கு அம்மா எழுதுவது. மரியன்னை புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், கறவை மாடும் சுகம், ஜோகன்னஸ்பர்க் குளிரில் உன் இருமல் எப்படி இருக்கிறது, கடையைப் பூட்டியதும் சூடாக ஏதாவது சாப்பிடுகிறாயா, அதை முதலில் எழுது.

உடைந்த பாலத்தைச் சேர்த்துக் கட்டிவிட்டார்கள், புதுக்கல் வளைவின்மேல் கழுதைகூடப் போய்வருகிறது, அப்பா மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்டிருந்தாய். ராஜா காலத்துப் பாலம் அது. இத்தாலிக்காரன் படை வந்தபோது அதைத் தடுக்க உச்சிக்கல்லைப் பெயர்த்தது உன் தாத்தா, வளைவோடு அவரும் ஆற்றில் போனார், அப்போது அப்பா கைக்குழந்தை. "எங்கப்பன் உசுரக் குடுத்து ஒடச்சத நான் மிதிச்சுக்கிட்டுப் போகணுமா" என்று ஒரே பிடிவாதம். உடைந்த இடத்தில் ஆளை இழுத்துக் கடத்திய பழைய கயிறு இருந்தால் போவாராம், அதைத்தான் அவிழ்த்துவிட்டார்களே. அக்கரையில் கட்டிக்கொடுத்த உன் தங்கை வுபித்தின் தலைப்பிள்ளைக்கு ஞானஸ்நானம், அப்பா வராமல் எப்படி என்று அவள் ஆள்மேல் ஆள் அனுப்பி அழுகிறாள்.

ஞானஸ்நானத்தன்று அவருக்கு வெள்ளைப் போர்வையைப் போர்த்திப் பாலம்வரை இழுத்துப் போய்விட்டேன். அங்கே நின்றவர் நின்றவர்தான், நான் திட்டியதெல்லாம் ஆற்றோடு போயிற்று. கயிற்றுக் காலத்தில் இடுப்பில் முடிச்சுப் போட்டதும் யார் கை என்று கேட்போம், அக்கரையில் இழுக்கிறவர் தன் பேரைச் சொன்னால்தான் காலைத் தூக்குவோம், பேர் சொன்னவர் கயிற்றை விட்டதே இல்லை. இந்த மனுஷர் திடீரென்று அக்கரையைப் பார்த்து "யாரு கை?" என்று ஒரு சத்தம் போட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், எனக்கு மானம் போயிற்று. அக்கரையில் நின்ற சம்பந்தி வொர்க்கு மட்டும் சிரிக்கவில்லை. கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு, காலை ஊன்றி, இல்லாத கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வொர்க்கு கை. வாங்க சம்பந்தி" என்றார். அப்பா இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு நடந்தார். நடுவில் நின்று தண்ணீரைப் பார்த்து என்னவோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. அவர் போய்ச் சேரும்வரை வொர்க்கு கையை இறக்கவில்லை, நான் அழுதுவிட்டேன், சொல்வதற்கென்ன.

பிள்ளை நல்ல நிறம், உன் மூக்கு. வெறுங்கையோடு எப்படி ஊருக்கு வருவது என்று எழுதியிருந்தாயே, அதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு இதை எழுதச் சொன்னார்: "பஸ்ஸு அக்கரையிலதான் நிக்கும். எறங்கி நின்னு யாரு கைன்னு கேக்கச் சொல்லு. பேரு நான் சொல்றேன்."

மரியன்னை உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். இருமலுக்கு இஞ்சி போட்டுக் குடி, மறக்காதே.

உன் வழி பார்த்திருக்கும் அம்மா,
யெஷி