பதினேழாம் குழியில் நான் இல்லை

பிப்ரவரி 4, செவ்வாய்

கோடை உச்சம், நாற்பத்து மூன்று டிகிரி. மழை இறங்கும்வரை மைதானம் மூடியே கிடக்கும். அதுவரை பாம்புகளும் கிளிகளும் ஆடிக்கொள்ளட்டும். ஆட்டமே இல்லாத மாதத்தில் கோல்ஃப் பத்தியில் எதை எழுதுவது? போன வாரம் பெண்கள் பிரிவுக் கூட்டத்துக்கு யார் எந்தக் கேக் கொண்டுவந்தார்கள் என்று எழுதி இடத்தை அடைத்தேன். பத்தொன்பது வருடமாக இப்படித்தான் ஒப்பேற்றுகிறேன். இந்த வாரம் மணல் வாரும் கட்டை உடைந்த கதை. வேறு வழியில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

டாமியன் கூப்பிட்டான். எங்கள் வாரப் பத்திரிகைக்கு ஆசிரியன், நிருபன், விளம்பரம் பிடிக்கிறவன் எல்லாம் அவன் ஒருவன்தான்.

"நோலீன், உக்காந்திருக்கீங்களா? மொதல்ல உக்காருங்க."

தேசிய கோல்ஃப் எழுத்து விருது. சிறந்த கட்டுரைக்கான கடைசி மூன்று பேரில் நான். மற்ற இருவரும் சிட்னியிலும் பெர்த்திலும் பெரிய பத்திரிகைக்காரர்கள். போன ஆகஸ்டில் எங்கள் கிளப் சாம்பியன் ஆட்டத்தில் தோற்ற மெரிலைப் பற்றி எழுதியதை எனக்கே சொல்லாமல் அனுப்பியிருக்கிறான் பாவி. மார்ச் 14, மெல்பர்னில் விருந்து.

பதினைந்து வயதில் பள்ளியை விட்டுவிட்டு, கம்பளி கத்தரிக்கும் கொட்டகையில் சமைக்கப் போனவள் நான். ஒருவர்கூட இதுவரை என் எழுத்தை எழுத்து என்று சொன்னதில்லை. வெட்கமில்லாமல் எழுதிவைக்கிறேன்: எனக்கு இந்த விருது வேண்டும். ரொம்ப வேண்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

நடுவர்களின் குறிப்பை டாமியன் அனுப்பினான். ஒரு வரியைத் தனியாக எடுத்துப் பாராட்டியிருக்கிறார்கள். "உலர்ந்த இலைமேல் கிடந்த பந்து ஒரு கோதுமை மணி அளவு நகர்ந்தது. நான் பார்த்தேன். அவள் நிமிர்ந்தாள், எங்கள் கண்கள் சந்தித்தன." கூடவே நடந்து, கண்ணால் கண்டு எழுதியவரின் எழுத்தாம்.

படித்ததும் இந்த நோட்டை எடுத்தேன்.

இதை இந்த நோட்டில்கூட இதுவரை எழுதவில்லை. நான் அங்கே இல்லை. பதினாறாவது குழி முடிந்ததும் கிளப்புக்குத் திரும்பிவிட்டேன். அன்று சமையலறை முறை என்னுடையது. சாசேஜ் ரோல்களை அடுப்பில் வைக்க வேண்டும். மெரில் பந்தருகே கிடந்த சுள்ளியை எடுத்ததும், பந்து அசைந்ததும், விதிப்படி தன் கணக்கில் தானே ஓர் அடி அபராதம் கூட்டிக்கொண்டதும், அந்த ஒரே அடியில் கோப்பையை இழந்ததும் — எல்லாம் தட்டோடு வெளியே வந்தபோது காதில் விழுந்தவை. கூட ஆடிய ரோஸ்லின்கூடப் பார்க்கவில்லை. அவள் மைதானத்தின் அந்தப் பக்கம் தன் பந்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஏன் "நான் பார்த்தேன்" என்று எழுதினேன்? அழகாக இருந்தது. அவ்வளவுதான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஆறு மாதம் தாங்கியிருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஒரு வரிதானே. மற்றதெல்லாம் உண்மை. யாருக்கு என்ன நஷ்டம்?

பிப்ரவரி 15, சனி

கிளப்பில் எனக்காக ஒரு விருந்து. ஆட்டிறைச்சி சுட்டார்கள். தலைவர் லிண்ட்சே எழுந்து நின்று பேசினார் — மனிதர் எழுபது வயதிலும் வாயை மூடியதில்லை. என்னைப் புகழ்ந்து முடித்து மெரில் பக்கம் திரும்பினார்.

"ஆனா ஒண்ணு மெரில். பக்கத்துலயே நோலீன் மாதிரி ஒரு போலீஸ் நின்னா, நான்கூட யோக்கியன்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல்: "அவ பாத்துட்டா. ஒத்துக்காம என்ன பண்ணுவா?"

மெரிலும் சிரித்தாள். பிறகு தட்டை வைத்துவிட்டுக் காருக்குப் போனாள். தட்டில் வைத்த இறைச்சி வைத்தபடியே இருந்தது.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேனே. இதோ.

பிப்ரவரி 16, ஞாயிறு

மெரில் வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் கதிரறுக்கும் இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தாள். வெளியே வரவில்லை. அவள் பூட்ஸோடுதான் பேச வேண்டியிருந்தது.

"மெரில், அன்னிக்கு நான் அங்க இல்லடி."

"தெரியும். இருந்தது நான்தானே."

"அப்ப ஏன் சொல்லல?"

உள்ளே ஸ்பானர் விழுந்தது.

"அடுத்தவ ஸ்கோர் அட்டையில நான் கை வைக்கிறதில்ல. நீயா சொல்லுவேன்னு இருந்தேன். ஆறு மாசமா."

பிறகு வெளியே வந்தாள். நெற்றியில் கிரீஸ். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன், அவள் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போல நிதானமாகப் பேசினாள்.

"ஏழு தடவ கடைசி ஆட்டம் வரைக்கும் வந்திருக்கேன். ஒரு தடவகூட கோப்பை இல்ல. அன்னிக்கு அந்த மரத்தடியில ஒரு ஈ காக்கா கெடையாது. சுள்ளிய எடுத்தேன், பந்து அசைஞ்சுது. யாரு கேக்கப்போறா? அஞ்சு நிமிஷம் நின்னேன்டி. அஞ்சு நிமிஷம். அப்புறம்தான் சொன்னேன். நான் பண்ணினதே அந்த அஞ்சு நிமிஷம்தான். அதுல கொண்டுபோய் உன்ன நிறுத்தி வச்சுட்டியே. பாக்குறதுக்கு ஆள் இருந்தா அதுல என்னடி இருக்கு?"

அவளைப் புகழ்கிறேன் என்று அவளிடம் இருந்த ஒரே சொத்தை எடுத்து அச்சில் போட்டு என் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை நிறுத்தி அழுதேன். அவளுக்காக என்று சொன்னால் அது இன்னொரு புளுகு. பாதி அந்த விருதுக்காகத்தான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல். இங்கே சாட்சிக்காரியே நான். யார் காலில் விழ?

விருதை வாங்கிக்கொண்டு, பிறகு சாவகாசமாகத் திருத்தம் போட்டால் என்ன — இப்படியும் ஒரு யோசனை வந்தது. இரண்டு மணி நேரம் அது நல்ல யோசனையாகவே தெரிந்தது.

பிப்ரவரி 19, புதன்

எழுதிவிட்டேன். விருதுக் குழுவுக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று. முதலாவதைத் தபாலில் போட்ட பிறகுதான் டாமியனுக்குப் போன் செய்தேன். முதலில் அவனிடம் சொல்லியிருந்தால் தடுத்திருப்பான், நானும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

"ஐயோ நோலீன். யாருக்குத் தெரியப்போவுது?"

"மெரிலுக்குத் தெரியும்."

"நம்ம பத்திரிகைக்கு இது மொத தடவ. தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். அவன் குரல் உடைந்துபோனது. முப்பத்திரண்டு வயதுதான் அவனுக்கு. அவனும் கனவு கண்டிருப்பான். கடைசியில், பதினோராம் பக்கம், பழைய டிராக்டர் விளம்பரங்களுக்குக் கீழே போடட்டுமா என்றான். மாட்டேன் என்றேன். என் பத்தியின் தலையில்.

பிப்ரவரி 27, வியாழன்

வந்துவிட்டது. வெட்டி இங்கே ஒட்டியிருக்கிறேன்:

"போன ஆகஸ்டில் பதினேழாவது குழியில் மெரில் பாஷ்கேயின் பந்து நகர்ந்ததை நான் பார்த்ததாக எழுதினேன். பார்க்கவில்லை. நான் அப்போது சமையலறையில் இருந்தேன். யாருமே பார்க்கவில்லை, மெரிலைத் தவிர. பொய் எழுதியதற்கு அவளிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

பால் வாங்கப் போகவே கூசியது. போனேன். லிண்ட்சே கல்லாவுக்கு முன்னால் நின்று பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"யாருமே பாக்கலையா?"

"இல்ல."

"அப்ப அவ சும்மா இருந்திருக்கலாமே."

சொல்லிவிட்டு மறுபடியும் படித்தார். ஒரு கேலி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாங்க வந்ததை வாங்காமலே போய்விட்டார்.

மார்ச் 5, புதன்

விருதுக் குழுவின் செயலாளரிடமிருந்து நான்கு வரிக் கடிதம். என் கட்டுரை நீக்கப்பட்டது. சொன்னதற்கு நன்றி. அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கத் தடை எதுவும் இல்லை.

கடைசி வரியை எத்தனை முறை படித்தேன் என்று எழுதப்போவதில்லை.

மார்ச் 14, வெள்ளி

டாமியன் மட்டும் மெல்பர்ன் போனான்; டிக்கெட்டை வீணாக்குவானேன் என்று. அங்கிருந்து கூப்பிட்டான். பெர்த்காரருக்குக் கிடைத்ததாம்.

"நல்லாத்தான் எழுதியிருக்கார், நோலீன். என்ன பண்றது."

சாப்பாடு எப்படி என்றேன். மீன் என்றான். பொறாமையாக இருக்கிறது. மீனுக்காக அல்ல.

ஏப்ரல் 26, சனி

மழை. மைதானம் திறந்தாயிற்று. எண்ணெய் ஊற்றிப் பிசைந்த கறுப்பு மணல்தான் எங்களுக்குக் குழியைச் சுற்றியுள்ள புல்வெளி. அதை எல்லோரும் சேர்ந்து வாரிச் சமப்படுத்தினோம். மெரில் தலையசைத்தாள். மணலை வாரத் திரும்பிக்கொண்டாள். ஆனால் லிண்ட்சே அவளுடைய கட்டையை வாங்கித் தானே இழுத்தார். அவர் ஒரு வேலை செய்து நான் பார்ப்பது இதுவே முதல் தடவை.

ஜூன் 7, சனி

இப்போதெல்லாம் பதினெட்டுக் குழியும் நடக்கிறேன். ஒரு ஜோடியின் பின்னால் போனால் மற்ற ஐந்து ஜோடிகளையும் தவறவிடுகிறேன். அவர்களைக் கேட்டு "என்று சொன்னார்" போட்டு எழுதுகிறேன். பத்தியில் "என்று சொன்னார்" மலிந்து கிடக்கிறது. டாமியன் முனகுகிறான். முழங்கால் அவனைவிட அதிகமாக முனகுகிறது.

ஆகஸ்ட் 16, சனி

இந்த வருடச் சாம்பியன் மெரில் பாஷ்கே. ஓர் அடி வித்தியாசத்தில்.

காலையில் பதினோரு பேர்தான் வந்தார்கள். இரண்டிரண்டாகப் பிரித்ததில் மெரில் தனியாக நின்றாள். அவள் அடிகளை எண்ணி ஸ்கோர் அட்டை எழுத ஆடாத ஆள் ஒருவர் வேண்டும் என்று லிண்ட்சே சுற்றிலும் பார்த்தார்.

"நோலீன் வரட்டும்" என்றாள் மெரில். "இன்னிக்கு அவளுக்குச் சமையல் முறை இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். பென்சிலை இரண்டு தடவை கீழே போட்டேன்.

பதிமூன்றாவது குழியில் அவள் பந்து மரக்கூட்டத்துக்குள் போனது. பின்னாலேயே போகத் திரும்பினேன். பள்ளம், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். இலைகளுக்கு மேலே அவள் தொப்பி மட்டும் தெரிந்தது. டக் என்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று. இரண்டும் அடியா, ஒன்று கிளையில் பட்டதா, எனக்குத் தெரியாது. பந்து வெளியே பறந்து வந்தது. மணலில் உருட்டிக் குழியில் போட்டாள்.

அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு அடியா இரண்டா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அவளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள நடந்தத பாத்தியா?"

"பாக்கல."

"ஆறு அடின்னு போடு."

ஆறு என்று எழுதினேன்.