ரீமின் ஜன்னலும் என் கறுப்புத் தாளும்

மார்ச் 3, மஹ்தியா

லியோனிலிருந்து நௌஃபல் வந்து இறங்கிவிட்டான். என் சித்தப்பா மகன். என் தம்பி மனைவி வஹீதாவின் அண்ணன். பெட்டியைத் திறந்து, முகத்தை மூடும் தெளிந்த தகடு வைத்த தொப்பி ஒன்றை எடுத்தான். தம்பி மகள் ரீம் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"மாமா! இத மாட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போலாமா?"

வெயில் பட்டால் தோல் புண்ணாகும் பிள்ளையை ஏழு வருடம் காத்த சுல்தான் நான். ஜன்னலுக்கெல்லாம் கார்க் கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்புத் தாள் வாங்கி ஒட்டிய மகாவீரன். எனக்கு ஒரு சலாம் உண்டா?

பொறாமையா? சேச்சே. வயிறு மட்டும் எரிகிறது. அந்த நெருப்பில் ஊருக்கே ரொட்டி சுடலாம்.

மார்ச் 4

தெளிந்த தகடு வெயிலைத் தடுக்குமாம். சல்லடையில் கடல்நீரை அள்ளுவானாம்!

மார்ச் 6

என் கறுப்புத் தாளிலேயே ஒரு முகமூடி செய்தேன். ரீம் போட்டுப் பார்த்து, "பெரியப்பா, ஒண்ணுமே தெரியல" என்றாள். அதுதானே பெருமை!

நௌஃபல் வெயிலின் கதிரை அளக்கும் சின்ன அளவுமானி ஒன்றை எடுத்தான். "ஹம்தாண்ணே, ரெண்டையும் அளந்துடலாம்."

அவன் தகடு: பூஜ்யம். என்னுடையது: எண் எகிறியது. அதே தாள் ஒட்டிய ஜன்னலிலும் அதேதான்.

"கறுப்பா இருந்தா போதாதுண்ணே. அது கண்ணுக்குத் தெரியாத கதிர்."

அப்படியென்றால் அவள் மூக்கில் இந்தக் குளிர்காலத்தில் வந்த புள்ளிகள் — என் ஜன்னலா? ஐயோ, நானா பண்ணேன்?

மார்ச் 11

ஆஸ்பத்திரியில் அவள் மூக்கிலிருந்த ஒரு மருவைச் சோதனைக்காக வெட்டி எடுத்தார்கள். அவள் அழவில்லை. நான் அழுதேன்.

டாக்டரம்மா சொன்னது: "வெயில் எல்லார் மரபணுவையும்தான் சிதைக்குது. நம்ம உடம்பு அப்பப்ப பழுது பாத்துடும். இவ உடம்புக்கு அது முடியல. பழுது பாக்கறப்போ தப்பிப்போற சின்னப் பிழையாலதான் மனுஷனே தலைமுறை தலைமுறையா மாறி வந்திருக்கான். ஆனா பிழை குவிஞ்சா புற்று."

மனித குலமே அரைகுறைக் கொத்தனார் வேலை என்று சிரிக்க நினைத்தேன். வரவில்லை.

"எங்கேர்ந்து வந்துச்சு?" என்றேன்.

"பழுதான மரபணு அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு, அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு. ரெண்டும் ஒரே பாட்டன் வழி."

ஒலிவத் தோப்பு கைமாறக்கூடாதென்று சித்தப்பா மகள் வஹீதாவைத் தம்பிக்குப் பேசி முடித்தவன் யார்? நான்தான். வஹீதா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

மார்ச் 12

சோதனை முடிவு வந்தது. மரு புற்று இல்லையாம். அல்ஹம்துலில்லாஹ்.

மார்ச் 16

கறுப்புத் தாளைச் சுரண்டி எடுத்தேன். நகம் இரண்டு போயிற்று. நௌஃபல் வரவழைத்த தெளிந்த தாளை நானே ஒட்டினேன். அவன் ஏணி பிடித்தான். வரலாறு இதை இந்த வரிசையில்தான் எழுத வேண்டும்.

பிறகு அளந்தோம். பூஜ்யம். இரண்டு முறை. எனக்காக மூன்றாம் முறை.

ரீம் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"பெரியப்பா, எதிர்வீட்டுக் கதவு நீலமா?"

"ஆமாண்டி, கண்ணு. நீலம்."