ஆராய்ச்சி மணிக்கு ‘வரவில்லை’ போடுவது குறித்து

அனுப்புநர்:
விரிவுரையாளர்,
மருத்துவப் புள்ளியியல் துறை.

பெறுநர்:
முதல்வர் அவர்கள்,
மருத்துவக் கல்லூரி மற்றும் மருத்துவமனை.

பொருள்: அறுவைப் பிரிவுப் பயிற்சி மருத்துவர் ஒருவரின் ஆய்வு நேரத்தைப் பணி நேரமாக ஏற்று, இறுதித் தேர்வு எழுத அனுமதிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நோயாளியின் வீட்டுக்கே போய், புண் ஏன் ஆறவில்லை என்று விசாரிக்கும் மருத்துவர் அந்த நேரத்தில் பணியில் இருக்கிறாரா, இல்லையா? எனக்கு விடை தெரியவில்லை. தங்கள் அலுவலகத்துக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அது பயிற்சி மருத்துவருக்கு ‘வரவில்லை’ என்று பதிந்துவிட்டது.

1. பயிற்சி மருத்துவர்கள் ஓர் ஆய்வு முடித்தால்தான் தேர்வு எழுதலாம் என்பது தங்கள் சுற்றறிக்கை. வருகை குறைந்தால் எழுத முடியாது என்பதும் தங்கள் சுற்றறிக்கையே. ஆய்வுக்கென்று நேரம் எதுவும் ஒதுக்கப்படவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

2. ஆய்வு என்றாலே உருகுபவள் அல்ல நான். இங்கே எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை அலமாரிக்குப் போகவே பிறந்தவை. அவற்றின் கணக்கைச் சரிபார்ப்பவள் என்பதால் சொல்கிறேன். அறுவைக்குப் பின் புண் ஆறாதவர்களை வீடு தேடிப்போய் விசாரிக்கும் இந்த ஆய்வையும் நம்பாமல்தான் ஒருநாள் பயிற்சி மருத்துவருடன் போனேன். தையல் ஆலையில் வேலை செய்யும் பெண், மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. வயிற்றில் நம் மருத்துவமனையில் போட்டு அனுப்பிய கட்டு கறுத்துப்போய் அப்படியே இருந்தது. அந்தப் பெண் சற்றுப் பெருமையாகவே சொன்னார்: “டாக்டரம்மா பார்க்கிற வரைக்கும் கட்டைப் பிரிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. லீவு கிடைக்கல, வர முடியல. பிரிக்கவும் இல்ல. சொன்ன பேச்சைக் கேட்டேன்ல?”

புண் சீழ் பிடித்திருந்தது. மற்ற வீடுகளிலும் பெரும்பாலும் இதே கதை. குற்றம் நோயாளியிடம் இல்லை, மருந்திலும் இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது நாம் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. பயிற்சி மருத்துவர் வார்டுக்குள்ளேயே இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திராது.

3. பிரிவில் அவருக்கு ‘ஆராய்ச்சி மணி’ என்று பெயர். திரும்பி வரும்போதெல்லாம், “மணி அடிச்சாச்சா, இனி வேலையைப் பார்க்கலாமா?” என்று பிரிவுத் தலைவர் கேட்பார், எல்லோரும் சிரிப்பார்கள். பழைய கதையில் அந்த மணியை அடித்தால் அரசர் வெளியே வருவார். இங்கே அடித்தவருக்கு வருகை குறைகிறது.

4. ஆண்டு விழாவில் சிறந்த ஆய்வுக்குக் கேடயம் தருகிறீர்கள். அது வேண்டாம். வாரத்தில் ஒரு பிற்பகலைப் பணி நேரமாகத் தந்தால் போதும்.

அவர் தேர்வு எழுதாவிட்டால் வேறு எந்தப் பயிற்சி மருத்துவரும் இனி நோயாளி வீட்டு மாடிப்படி ஏறமாட்டார். ஆகவே, அவர் வெளியே சென்ற நேரங்களைப் பணியாகத் திருத்தி ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: திங்கட்கிழமை
இடம்: புள்ளியியல் துறை

இப்படிக்கு,
(ஒப்பம்)
விரிவுரையாளர்

பின்குறிப்பு, செவ்வாய்க்கிழமை: நேற்று தங்கள் அலுவலகம் பூட்டியிருந்ததால் மனுவை இன்று தருகிறேன். இடையில் நடந்ததையும் சேர்ப்பது முறை. காலையில் அறுவைப் பிரிவுக்குப் போயிருந்தேன். வீடு திரும்பும் ஒரு பெண்ணிடம் பிரிவுத் தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார்: “வரச் சொன்ன அன்னைக்கு வர முடியலேன்னா எங்களுக்காகக் காத்திருக்காதம்மா. நீயே கட்டைப் பிரிச்சு, சோப்புத் தண்ணியில கழுவிடு.” பயிற்சி மருத்துவர் பக்கத்தில்தான் நின்றார், தலை நிமிரவில்லை. வெளியே, தேர்வு எழுதத் தகுதியுள்ளோர் பட்டியலை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் அவர் பெயர் இல்லை.